கூடம் கோணல்

நார்த்டேலில், கார் நிற்க வேண்டிய கொட்டகையில்
என் பிரஸ் நிற்கிறது.
கார் வெளியே, மழையில்.

இரண்டு டை. இரண்டுக்கும் ஒரே வேலை:
மருந்து போட்ட பித்தளைக் கூட்டின் கழுத்துக்குள்
குண்டை உட்கார வைப்பது.
என்னிடம் இருப்பது தொள்ளாயிரம் ரேண்ட், தலையில் வெறும் திருகு.
ஃப்ரிக்கி விற்கப் பார்ப்பதற்கு மைக்ரோமீட்டர் தலை,
குண்டை முன்னமே பிடித்து நேராக்க ஒரு குழல்.
பழையதே இரண்டாயிரத்து நானூறு.
"கோகிலம், இதைப் பூட்டினால் காற்றுக்கே பயம் வரும்."
காற்றுக்கு இதுவரை வந்ததில்லை.

பகலில் எனக்குப் பல் செய்கிற வேலை.
சர்ச் தெரு மாடியில்
முகமறியாத வாய்களுக்குக் கிரீடம்.
உட்காருவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும்.
அரைத் தாள் கனம் உயர்ந்தால் போதும்,
ஒரு மனிதர் சாப்பாட்டையே வெறுத்துவிடுவார்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.
போன மாதம் முந்நூறு மீட்டரில்
என் ஐந்து ஓட்டைகளும் ஐந்து ஊர்களில் விழுந்தபோது
நானும் அதையேதான் சொன்னேன்.
பிறகு வெட்கப்பட்டு
கோணல் அளக்கும் கடிகாரம் ஒன்று வாங்கினேன்.
தோட்டாவை அதில் உருட்டினேன். முள் ஆடியது.
அங்குலத்தை ஆயிரமாக்கினால் அதில் ஐந்து.
கூடம் கோணல்தான்.

லென்ஸ் வைத்துப் பார்த்தேன்.
ஒவ்வொரு குண்டின் மூக்கிலும் மெல்லிய வளையத் தழும்பு,
கண்ணாடி கழற்றியவர் மூக்கில் இருப்பதுபோல.
டைக்குள் அழுத்தும் தண்டின் குழி
குட்டை மூக்குக்காகக் கடைந்தது.
என் நீள மூக்குகளை ஓரத்தில் கடிக்கிறது.
கடி சரியில்லை. அவ்வளவுதான்.
தினமும் நான் எழுதும் வாக்கியம் இது.

ஒரு குண்டின் மூக்கில் மெழுகு தடவி
குழியில் பல் பிசின் ஊற்றி
நேராக அழுத்தி, இரவு முழுக்க விட்டுவிட்டேன்.
காலையில் டொக்கென்று பிரிந்தது.
குழி இப்போது அந்த ஒரு மூக்கைத் தவிர
யாரையும் அறியாது.
அடுத்த இருபதில் முள் ஒன்றரையைத் தாண்டவில்லை.

ஃப்ரிக்கிக்கு வேண்டாம் என்று செய்தி.
பெர்த்திலிருந்து மகன்:
"காவடி விரதத்தில் மீன்கூடத் தொடமாட்டாய்,
சனிக்கிழமை எதைச் சுடப் போகிறாய்?"
தாளை.

கேட்டோ ரிட்ஜ் தாண்டி, மக்காச்சோளம் தலைக்கு மேல்.
நான்கு ஓட்டைகள் ஒரு சட்டைப் பொத்தானுக்குள்.
ஐந்தாவது
தனிக்குடித்தனம் போயிருந்தது.
தொலைநோக்கியிலிருந்து தலையெடுக்காமல்
காற்று என்றான் ஃப்ரிக்கி.
கொடி அசையவே இல்லை.
விரல் என்றேன்.
அவன் தன் டையைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை,
அதற்கு நன்றி.

திங்கட்கிழமை மேசையில் யாருடையதோ ஒரு கடைவாய்ப்பல்.
சரியாகத்தான் உட்கார்ந்தது.
இன்னொரு முறை கழற்றிப் பார்த்தேன்.