தாளம் என்னுடையது

படத்தில் டிரம் வாசிப்பவன் நானில்லை.
யாரோ துணை நடிகன்,
கோட்டு போட்டுக்கொண்டு காற்றை அடிக்கிறான்.
காதில் விழும் அடி மட்டும் என்னுடையது;
நார்வார்த்தேயில், இறைச்சிக்கடை மாடியில்,
ஒரே ராத்திரியில் பதினோரு தடவை வாசித்தது.

நடுவில் நிற்பவன் எவாரிஸ்டோ.
சுவரொட்டியில் ரெனி லாண்டா.
பெயரைக் கம்பெனி வைத்தது.
நெற்றிச் சுருளை அவன் அக்கா வைத்தாள்,
எலுமிச்சைச் சாறு தடவி.

எங்களில் ஒருவனுக்கும் ஆங்கிலம் தெரியாது.
வடக்கேயிருந்து வந்த இசைத்தட்டில்
எவனோ எதையோ தொலைத்துவிட்டுக் கதறினான்.
காதலியாக இருக்கலாம். காராகவும் இருக்கலாம்.
எவாரிஸ்டோ அதைக்
கடைசி டிராமைத் தவறவிட்டவன் பாட்டாக்கினான்.
அந்த வருஷம் மெக்சிகோ நகரமே
டிராமைத் தவறவிட்டது.

காபிக் கடைகளில் சாராயம் கிடையாது,
எங்கள் இரைச்சல்தான்.
அதற்கே போலீஸ் வந்தது.
மைக்கைப் போட்டுவிட்டுச் சமையலறை வழியே ஓடலாம்.
டிரம்மைத் தூக்கிக்கொண்டு ஓடிப் பாருங்கள்.
விடியும்வரை உட்காரவைத்து
என் முடியை வெட்டினார்கள்.
வெளியே வந்தபோது அவன் கம்பெனியில் இருந்தான்,
ஒப்பந்தத் தாளுக்கு முன்னால்.
அதில் ஒரு கையெழுத்துக்குத்தான் கோடு போட்டிருந்தது.

பிறகு பதினான்கு படம்.
எல்லாவற்றிலும் கல்லூரி மாணவன்,
முப்பத்தாறு வயதிலும்.
முடி கொட்டியதும் அகலத் தொப்பி கொடுத்துக்
குதிரையில் ஏற்றினார்கள்.
சேவல் சண்டைக் களத்தில் பாடினான்,
இரண்டு சண்டைக்கு நடுவே,
ரத்தத்தின்மேல் புது மணல் தூவிய கையோடு.
அப்புறம் தொலைக்காட்சியில்
மணப்பெண்ணின் தகப்பன்;
நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிவான்.
ஓஃபெலியா ஒவ்வொரு தடவையும் அழுவாள்.
நான் எண்ணுவேன்.
பாவி, சாவதிலும் அரை அடி முந்துகிறான்.
அன்றும் அப்படித்தான்,
பின்னாலிருந்து நான்தான் இழுத்துப் பிடிப்பேன்.

போன சனிக்கிழமை டொரேயோனுக்கு வந்தான்.
நான் வேலை பார்க்கும் கடைக்குப் புதுக் கிளை,
ரிப்பன் வெட்ட, ஒரு பாட்டுப் பாட.
முதலாளி ஒலிநாடாவைப் போட்டார்.
அதே டிராம். அதே மாடி. என் அடி.
கல்லாவுக்குப் பின்னால்
என் கால் தானாகத் தட்டியது.

இரண்டாம் சரணத்தில் முந்திவிட்டான்.
ஒலிநாடா யாருக்காகவும் நிற்காது.
சட்டென்று திரும்பிப் பார்த்தான்,
பழைய பழக்கம்,
தோளுக்குமேல், இடப்பக்கம்.

அங்கே வரிசையாகக் குளிர்பெட்டிகள்,
விலைச்சீட்டோடு.