இடது பை

தென்கிழக்குக் காற்று.
காலை ஆறரைக்குக் காது மடல் எரிகிற அளவு,
ஒன்பதுக்குக் குறைந்து,
நோட்டில் எழுதி முடிப்பதற்குள் அதுவும் நின்றது.
ஸ்காகனில் டென்மார்க் முடிகிறது.
முடிவதற்குச் சற்று முன்னால் ஒரு மணல்மேடு.
அதன்மேல் நாங்கள் மூவர்,
மடக்கு நாற்காலி இரண்டு.

என் வலது பையில் ஓர் எண்ணும் கருவி.
கட்டைவிரலால் அழுத்தினால் ஒன்று கூடும்.
இடது பையில் அதன் இரட்டை.
வலது, கடலுக்குமேல் போனவை.
இடது, போய்விட்டுத் திரும்பியவை.
இரண்டு எதற்கென்றால்
இந்தச் சனியனுக்குக் கழிக்கத் தெரியாது.

வந்த புதிதில்
பறப்பது என்றால் போவது என்று நினைத்திருந்தேன்.
இங்கேதான் பார்த்தேன்:
சூடேறிய மணலிலிருந்து எழும் காற்றில்
தேன்பருந்து சுற்றிச் சுற்றி மேலேறும்,
மிளகளவு ஆகும்,
இறக்கையை விறைத்து வடகிழக்கே சரியும்.
கடலுக்குமேல் தூக்கிவிட ஆளில்லை.
அறுபது கிலோமீட்டர் சொச்சம் தண்ணீர்,
அப்புறம்தான் ஸ்வீடன்.
கால் வழியில் என்னவோ கணக்குப் போட்டு
திரும்பி வந்து
எங்கள் தலைக்குமேலேயே மறுபடி சுற்றும்,
ஒன்றும் நடக்காததுபோல.

தோர்கில் மீன் ஏலக்கூடத்தில் எடை பார்த்தவர்.
பெட்டிக்குள் எத்தனை என்று
மூடியைத் திறக்காமல் சொல்வாராம்.
"வல்லூறு ஏழு. இல்லை, எட்டு.
எட்டாவது புறா."
விபெக்க பல் மருத்துவரின் உதவியாளர்.
வருட விடுப்பு முழுவதையும்
இந்த மேட்டில் கரைப்பவள்.
கம்பு ரொட்டியை மென்றபடி,
தொலைநோக்கியிலிருந்து கண்ணெடுக்காமல்
பறவையின் வயதைச் சொல்வாள்.

மே பதினெட்டில் வந்தது அது.
சேற்றுப் பூனைப்பருந்து, பெண்,
வலது இறக்கையில் ஒரு விரலிறகு இல்லை.
பல் விழுந்த இடம் மாதிரி, என்றாள் விபெக்க.
பதினொன்று ஐந்துக்குப் போனது. வலது பை.
பன்னிரண்டேகாலுக்கு வந்தது. இடது பை.
மறுநாளும்.
அதற்கும் மறுநாள் இரண்டு முறை.
கூட்டல் நான்கு, கழித்தல் நான்கு.
எங்கள் கணக்கின்படி
அப்படியொரு பறவையே இல்லை.

ஆல்போர்க்கிலிருந்து வந்த ஒருவர் கேட்டார்,
"இலையுதிர் காலத்தில் எத்தனை திரும்புகின்றன?"
"அதை ஸ்வீடன்காரர்கள் எண்ணுவார்கள்" என்றார் தோர்கில்.
"அவர்கள் முனையில் காபிக்கடைகூட இருக்கிறது."

இருபத்தொன்றாம் தேதி வானம் கொட்டியது.
தேன்பருந்து மட்டும் நானூற்றுப் பன்னிரண்டு.
நடுவே ஒரு கடல் கழுகு,
யாரோ கதவைக் கழற்றித் தூக்கிப் போவதுபோல.
இரண்டரைக்கு மூடுபனி.
முதலில் கலங்கரை விளக்கம் காணாமல் போனது,
பிறகு கடல்,
பிறகு தோர்கிலின் தொப்பி.
அந்த வெள்ளைக்குள்ளிருந்து,
கை நீட்டினால் படும் உயரத்தில்,
அவை திரும்பி வரத் தொடங்கின.
இடது. இடது. இடது.
எல்லாமாக எண்பத்தொன்பது வரை பார்க்க முடிந்தது.
அதற்குமேல் இறக்கைச் சத்தம் மட்டும்.
படிவத்தில் சத்தத்துக்குக் கட்டமில்லை.

இறகில்லாதது காலையில் போனதை
மூவருமே பார்த்திருந்தோம்.
வந்ததா?
வந்தது என்றாள் விபெக்க.
காற்றை அறுத்த ஒலியில் ஓர் ஓட்டை இருந்ததாம்.
"ஓட்டையை எப்படியம்மா எண்ணுவது?"
தோர்கில் எழுந்தே விட்டார்.
ஐந்து வருடத்தில் அவர்கள் இப்படிக் கத்திக்கொண்டு
நான் கேட்டதில்லை,
ஒற்றைப் பறவைக்கு.
அவள் அழவில்லை, மூக்கை மட்டும் சிந்தினாள்.
ஃபிளாஸ்க் கவிழ்ந்து
காபி மணலுக்குள் இறங்கிற்று.

திரும்பும் வழியில் மூவரும்
காற்றைப் பற்றிப் பேசினோம்.

இரவு படிவத்தை அனுப்ப வேண்டும்.
வலதைப் பார்த்து எழுதினேன்.
நனைந்த கோட்டை ஆணியில் மாட்டும்போது
இடது பையில் 'டிக்' என்றது.
சாவி பட்டதா, என் விரலா, தெரியாது.
எடுத்துப் பார்த்தேன்:
தொண்ணூறு.

கழித்து எழுதி அனுப்பினேன்.
இருவரிடமும் சொல்லவில்லை.