தண்ணீர் விடாத மாதங்கள்

அக்டோபர் முதல் மார்ச் வரை
ஒரு சொட்டும் கூடாது என்பது என் சட்டம்.
வின்னிபெக்கில், நிலவறை ஜன்னலோரம்
எட்டு டிகிரி.
மண் கட்டிதட்டட்டும்,
விலா தெரிய அது சுருங்கட்டும்.

குணாளனுக்குப் பொறுக்காது.
ஞாயிறுதோறும் தேநீர்க் கோப்பையில் மொண்டு
திருட்டுத்தனமாய் ஊற்றுவான்.
தட்டிலிருக்கும் ஈர வட்டம் காட்டிக்கொடுக்கும்.
நான்கு வருடமாய்ப்
பூசணிபோல் கொழுத்ததே தவிர
மொட்டென்று ஒன்றில்லை.

நவம்பரில் அவனுக்கு வடக்கே
தாம்ஸன் சுரங்கத்தில் வேலை.
போனில் கேட்பான்:
"பாவம், அதுக்குத் தண்ணி விட்டியா?"
விட்டேன் என்பேன்.

மே மாதம், முட்களுக்கிடையே
சாம்பல் மயிரோடு ஒரு கொப்புளம்.
பிறகு எலிவால்.
பிறகு ஒரு சாண் நீளக் காம்பு, நுனியில் கூம்பு.

நேற்று இரவு பத்தரைக்கு,
மேற்கே வெளிச்சம் இன்னும் சாகாதபோது,
திறந்தது.
எலுமிச்சை வாசம்; கூடவே கொஞ்சம் சோப்பு வாசம்,
அது துணி துவைக்கும் இயந்திரத்தினுடையதாகவும் இருக்கலாம்.
அதன்மேல்தான் ஏறி உட்கார்ந்திருந்தேன்,
கால் மரத்துப்போகும்வரை.

போன் அடித்தது.
"தண்ணி விட்டியா?"
"விட்டேன்."
ஜூன் ஆயிற்றே,
இம்முறை அது உண்மை.
பூவைப் பற்றி அவன் கேட்கவில்லை.