கூட்டிப் பார்த்தல்

ஹவல்லியில் பழைய சாமான் கடை.
கிராஃபிக்ஸ் கார்டு விலை படிந்துவிட்டது, அறுபது தினார்.
மூன்று விசிறி. செங்கல் கனம்.
"உங்க பவர் சப்ளை எவ்வளவு?" என்றார் சதக்கத்துல்லா.
தெரியவில்லை.

பகலெல்லாம் எனக்கு இதே பிழைப்பு:
பதினெட்டு மாடிக்கு எத்தனை ஆம்பியர்,
எந்தக் கேபிள் தாங்கும், எது உருகும்.

அறைக்கு வந்து பெட்டியைத் திறந்தேன்.
ஒரு பிடி பாலைவனம் கொட்டியது.
திருப்புளியை வாயில் கவ்வி
செல்போன் வெளிச்சத்தில் ஸ்டிக்கரைப் படித்தேன்:
450 வாட்.
கீழே பொடி எழுத்தில், 25 டிகிரியில்.
இங்கே ஏசி ஓடியும் முப்பத்தொன்று.

கார்டுக்கு இருநூற்று இருபது,
ப்ராசஸருக்கு நூற்றிருபத்தைந்து,
மற்றதெல்லாம் ஐம்பது.
தாங்கும் என்கிறது கூட்டல்.
ஆனால் கண் சிமிட்டும் நேரத்துக்குள்
இரட்டிப்பாய் வாங்கி விழுங்குமாம் அது.
அதற்கு வேண்டியது எட்டு பின்;
என்னிடம் தொங்குவது ஆறு.

அட்டைப்பெட்டி ஓரத்தில் மறுபடி கூட்டும்போதே
அடுத்த கட்டில் தியோடர் இஸ்திரிப் பெட்டியைச் செருகினான்,
சமையலறையில் எவனோ ரைஸ் குக்கரை.
டப்.
ஏசி ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது.

நான்கு பேர், ஒரு பிரேக்கர், பதினாறு ஆம்பியர்.
ஆறு வருஷமாய்
இதை யாரும் கூட்டிப் பார்த்ததில்லை,
நான் உட்பட.

இருட்டிலேயே சதக்கத்துல்லாவுக்குக் குரல் அனுப்பினேன்:
"அறுநூற்றைம்பது வாட் ஒண்ணும் சேர்த்து எடுத்து வைங்க பாய்.
ஏழாம் தேதி சம்பளம்."

வியர்த்தபடி நடந்து பிரேக்கரைத் தூக்கிவிட்டேன்.
வெளிச்சம் வந்ததும் தியோடரிடம் சொன்னேன்,
முதல்ல நீ தேய்.