எந்த வயசுங்க

அனுப்பர்பாளையம் தாண்டி மூன்றாவது பனியன் கம்பெனி.
துணிக்கிடங்கில் ஒரு மேசை, ஒரு மடிக்கணினி,
வருபவர்களுக்கு ஆளுக்கொரு பிஸ்கட் பாக்கெட்.
திரையில் நீலவட்டம் வந்ததும் பொத்தானை அழுத்த வேண்டும்.
அப்புறம் பன்னிரண்டு சொற்கள்:
குடை, சாவி, எருமை, சுண்ணாம்பு...
ஐந்து நிமிடம் கழித்துத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

என்னிடம் இரண்டு தாள்கள்.
மஞ்சள் தாளில்:
'வயதானால் நினைவு குறைகிறதா என்று பார்க்கிறோம்.'
பச்சைத் தாளில்:
'சொற்கள் மனதில் எப்படித் தங்குகின்றன என்று பார்க்கிறோம்.'
யாருக்கு எது என்று
கோவையிலேயே குலுக்கிப் போட்டு அனுப்பிவிட்டார்கள்.
குரல் மாறக்கூடாது. சிரிக்கக்கூடாது.
வாசித்தேன்.

இருபது வயதுக்காரர்களுக்கு எந்தத் தாளும் ஒன்றுதான்.
அயர்ன் மாஸ்டர் மாரப்பன் மஞ்சளைக் கேட்டதும்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
துடைத்ததையே துடைத்தார்.
பன்னிரண்டில் நான்கு.
போகும்போது கதவருகே நின்று
இந்த மாசத்து ஆர்டர் நம்பர்களை
ஒவ்வொன்றாக, நிறத்தோடு, ஒப்பித்தார்.
அதை எழுதக் கட்டமில்லை.
பச்சை கிடைத்த அவர் கூட்டாளி
மூன்று வயது மூத்தவர்.
ஒன்பது.

ஒரே ஒரு வாக்கியம்.
என் வாயிலிருந்து போய்
ஒரு மனிதர்மேல் பத்து வருடத்தை வைத்துவிட்டு வந்தது.

சூப்பர்வைசர் தரணீஷுக்கு இருபத்தாறு.
'மூத்தவர்கள் புதிய மெஷினுக்குப் பழகமாட்டார்கள்':
'முழுமையாக ஏற்கிறேன்' என்று டிக் அடித்தான்.
பேனாவைத் திருப்பித் தரும்போது கேட்டான்:
"முப்பத்தஞ்சுக்கு மேல என்னைய எவனுங்க்கா சேர்த்துக்குவான்?"
எனக்கு முப்பத்தாறு.
அடுத்த ஆராய்ச்சிப் பணிக்கு உச்சவரம்பு முப்பத்தைந்து.
தளர்வு கேட்டு எழுதிய கடிதம்
பிஸ்கட் பையின் அடியில் கிடந்தது.

நாற்பத்தோராவது ஆள் துளசிமணி, செக்கிங்.
வயது?
"எந்த வயசுங்க கண்ணு?
கார்டுல அம்பத்தேழு.
பதினாலு வயசுல பதினெட்டுன்னு சொல்லித்தான்
இந்த கேட்டுக்குள்ள வந்தனுங்.
எழுதிக்கிட்டவருக்கும் தெரியும்.
அன்னைக்குக் கூட்டுனது நாலு.
இப்பக் கழிங்கன்னா பேப்பர் கேக்கறாங்.
சித்திரை வந்தா அம்பத்தெட்டு,
கணக்கு முடிச்சு அனுப்பிருவாங்."

உங்கள் மனதுக்கு எத்தனை வயது தோன்றுகிறது?
(கேள்வி பதினேழு. எல்லாரிடமும் கேட்க வேண்டியது.)
"காத்தால முப்பதுங்.
மூணு மணிக்கு எழுவதுங்.
ஷிப்மெண்ட் ராத்திரியில அதெல்லாம் ஆரு பாக்கறா."

அவருக்கும் மஞ்சள்தான் விழுந்திருந்தது.
வாசித்தேன்.
ஏழு சொன்னார்.
எழும்போது என் குர்தாவின் கையைப் பிடித்து
வெளிச்சத்தில் லேசாகத் திருப்பினார்.
"தையல் விட்டிருக்கு பாருங்."
இடுப்புப் பையிலிருந்து
சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை உரித்து
அந்த இடத்தில் ஒட்டிவிட்டுப் போனார்.
நீலவட்டத்துக்குப் பொத்தானை அழுத்த
அவருக்கு நேரம் கூடுதலாகத்தான் ஆகியிருந்தது.

பஸ் தெக்கலூர் தாண்டியதும் கணினியைத் திறந்தேன்.
வரிசை நாற்பத்தொன்று.
வயது என்ற கட்டம் காலியாக இருந்தால்
அந்த ஆளையே நீக்கிவிடும்.
ஐம்பத்தேழு என்று அடித்தேன். அழித்தேன்.
ஐம்பத்து மூன்று. அழித்தேன்.
இத்தனை பேரில் இன்னும் எத்தனை பேர்
பதினாலில் பதினெட்டானவர்கள்?
என் வரைபடத்தின் அடிக்கோடு
எந்த ஊர் நாட்காட்டியில் நிற்கிறது?

"கையில என்னமோ ஒட்டியிருக்குங்" என்றார்
பக்கத்து சீட்டுக்காரர்,
எடுத்துவிட விரல் நீட்டியபடி.
தெரியுங்க, என்றேன்.
இருக்கட்டும்.