கழிவு

மூன்று மாதிரிகளை ஒப்பிட்டு
ஐந்துக்கு எத்தனை என்று புள்ளி போட
என்னை அனுப்பினார்கள் பொகவந்தலாவைக்கு.

முதலாவதில் ஆறு பெட்டிகள்:
திட்டமிடு, கொள்வனவு செய், உற்பத்தி செய்,
விநியோகி, திரும்பப் பெறு,
ஆறாவது, இவை எல்லாவற்றையும் இயலச் செய்.
இரண்டாவதில் பெட்டியே கிடையாது. வளையம்.
மூன்றாவது இன்னும் வரைவுதான்,
அட்டை மட்டும் அழகு.

மேல்மாடியில், வாடும் கொழுந்தின் வாசத்துக்குள்
மடிக்கணினியைத் திறந்தேன்.
டீமேக்கர் பெனடிக்ற் எட்டிப் பார்த்தார்.
"எந்தப் பெட்டியில போட்டாலும் போடுங்க சேர்,
விடிய முன்ன இது வாடியாகணும்."

பின்னேரம் கொழுந்து மடுவம். மழை.
தெய்வகனியின் சாக்கு தராசில் ஏறியது.
பதினெட்டு தசம் நான்கு.
கண் இமைப்பதற்குள்
பதினாறு தசம் நான்கு.
"தண்ணிக்கு ரெண்டு," என்றார் கணக்கப்பிள்ளை,
"முந்தி நாங்க கழிக்கணும், இப்ப அதுவே கழிக்குது."
பதினெட்டு எடுத்தால் ஒரு பேர்.
அவளுக்கு அரைப்பேர்.
"தண்ணியையும் நான்தானே சுமந்தேன்,"
என்று படங்கை உதறினாள்,
என்னைப் பார்த்தல்ல.

இரவு மாசி மாதக் கணக்கை இறக்கிப் பார்த்தேன்.
துளி மழை இல்லாத மாதம்.
அப்போதும் இரண்டு.
யாரோ ஒரு மழை நாளில் அமைத்துவிட்டுப் போனது;
மாற்றத் தெரிந்தவர் கொழும்பில்,
கடவுச்சொல் அவரிடம்.

நூறு கிலோ கொழுந்துக்கு
இருபத்தொன்றரை கிலோ தூள் வந்தாலே நல்ல ஆலை.
இங்கே இருபத்து நான்கு.
விளைதிறனுக்கான கேடயம்
பெரியதுரை மேசைக்குப் பின்னால் மின்னுகிறது.

அந்த இரண்டு கிலோவை
மூன்று மாதிரியிலும் தேடினேன்.
முதலாவதில், கொள்வனவு தொடங்குமுன்பே உதிர்ந்துவிடுகிறது.
வளையத்தில் ஏறவே இல்லை.
ஏலத்தில் கழித்த தேயிலை
மலையேறித் திரும்ப வழியுண்டு:
நான்கு படி, இரண்டு கையொப்பம்.
மடுவத்தில் கழித்தது
லயத்துக்குத் திரும்ப
அம்புக்குறி இல்லை.

தடங்காணும் தன்மை: ஐந்துக்கு நாலரை என்று
நேற்றே போட்டிருந்தேன்.
அழித்தேன். இரண்டு போட்டேன்.
'காரணம் தருக' என்றது படிவம்.
அவள் சொன்னதை அப்படியே தட்டினேன்.
ஏற்றுக்கொண்டது.
கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி:
இந்தக் களம் அறிக்கையில் அச்சாகாது.

ஹட்டன் பஸ் ஆறரைக்கு.
பெனடிக்றிடம் ஒரு பேனை கேட்டேன்.