பட்டியல் எழுத்தர்

பெருகவாழ்ந்தான் கொள்முதல் நிலையத்தில்
என் பதவி பட்டியல் எழுத்தர்.
பருவகாலப் பணி. குறுவைக்கு ஓர் ஆணை,
சம்பாவுக்கு ஓர் ஆணை.
எழுத்தருக்கும் எழுத்தாளருக்கும் நடுவே
ஓர் ஆள்தான் குறைகிறது.
ஆள் குறைவது இங்கே புதிதில்லை:
சுமைதூக்க ஏழு பேர் வேண்டும்,
நான்கு பேர் வருகிறார்கள்.

ரத்தான ரசீதுகளின் முதுகில் எழுதினேன்.
சிட்டா எண், மூட்டை நாற்பத்திரண்டு என்று
நீலமாய்த் தெரியும் கார்பன் தடத்துக்குப் பின்னால்
என் கதாநாயகி அழுதுகொண்டிருப்பாள்.
படியெடுத்தபோது பதினான்கு பக்கம் வந்தது அழுகை.
மழையும் கூடச் சேர்ந்து அழுதது.
கும்பகோணத்தில் காலாண்டிதழ் நடத்தும்
அபுதாகிருக்கு அனுப்பினேன்.

மூன்று மாதம்.
தபால்காரர் என் பக்கம் திரும்பாமலே போகிற
மூன்று மாதம்.
பிறகு நான் வைத்தனுப்பிய உறையிலேயே வந்தது.
ஒன்பதாம் பக்கத்தில் ஒரே ஒரு வரிக்குக் கீழே
பென்சில் கோடு:
‘சாக்குத் தைக்கும் ஊசியை
ஜாக்கெட்டில் குத்தியபடியே வீட்டுக்குப் போய்விட்டாள்.’
ஓரத்தில், பொடி எழுத்தில்,
‘இங்கிருந்து தொடங்கினால் என்ன?’

என்னவா?
முதல் எட்டுப் பக்கத்தை எங்கே கொண்டு போட?
மதியச் சோற்றை நாய்க்கு வைத்தேன்.

அன்று சாயங்காலம் டிராக்டர் நிறைய நெல்லோடு நாகூரான்.
ஒரு கைப்பிடி எடுத்து ஈரமானியில் போட்டேன்.
பத்தொன்பது புள்ளி நாலு.
பதினேழுக்கு மேல் எடுக்க முடியாது.
‘நல்லா விளைஞ்ச நெல்லும்மா.’
‘விளைஞ்சதுதான். காயலை.’
சொன்னது நான்தான்.
டிராக்டர் திரும்பிப் போன பிறகு
யார் வாய் அது என்று
கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் மன்னார்குடி சாலையில்
பாதியை அடைத்துக் கொட்டி
காலால் கோடுகோடாய்க் கிளறிக்கொண்டிருந்தார்.
அரைமணிக்கு ஒருதரம்
அடியில் கிடப்பது மேலே வரவேண்டும்.
பஸ் வந்தால் ஒதுங்கவேண்டும்.

நானும் எட்டுப் பக்கத்தை எடுத்தேன்.
பொய். மூன்றுதான் எடுத்தேன்,
அடுத்த வாரம் இரண்டைத் திரும்ப வைத்தேன்.
மழையை நிறுத்தினேன், கதையில்.
வெளியே அது நிற்கவில்லை.
இருபது வரை எடுக்கலாமென்று டெல்லியிலிருந்து தளர்வு வந்தது.
கதைக்கு அப்படியெல்லாம் வராது.
அழுகிற இடத்தில் அவளை ஊசி தேடவிட்டேன்.
தேடுகிறவளுக்கு அழ நேரமில்லை;
எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

இரண்டாம் முறையும் திரும்பியது. கோடுமில்லை குறிப்புமில்லை.
மூன்றாம் முறை அனுப்பியதற்கு எதுவுமே வரவில்லை.
தை பிறந்து, சம்பா மூட்டை சேர்ந்து,
நான் விட்டுவிட்ட ஒரு செவ்வாய்க்கிழமை
இதழே வந்தது.
நாற்பத்தேழாம் பக்கத்திலிருந்து நான்கு பக்கம்.
யோகாம்பாளில் ஒரு கால் உதிர்ந்து யோகம்பாள்.
இருக்கட்டும்.
யாரும் பார்க்காதபோது எடைமேடையில் வைத்துப் பார்த்தேன்.
இருநூற்றுப் பத்து கிராம்.
காலிச் சாக்கில் பாதிகூட இல்லை.

வைரக்கண்ணு மூட்டையை இறக்கிவிட்டு
கையைக் கைலியில் துடைத்து, நின்றபடியே படித்தான்.
முதல் பத்தியிலேயே விரல் நின்றது.
‘சணலை நனைக்காமலே தைக்கிறா.
முடிச்சு எப்படி நிக்கும்?’
அபுதாகிருக்குத் தெரியவில்லை, சரி.
இரண்டு பருவமாய்
அவன் தைக்கிற இடத்துக்கு நாலடி தள்ளித்தான்
என் நாற்காலி.

பதில் சொல்வதற்குள் தெற்கே கறுத்தது.
தார்ப்பாய்க்கு ஓடினோம்.
முந்நூறு மூட்டை, திறந்தவெளி,
ஒரு முனையை நான் பிடிக்க மறுமுனையில் அவன்.

திரும்பி வந்து முதலில் ஒரு ரசீதைக் கிழித்து
‘சணல் – நனைக்க’ என்று குறித்தேன்.
எழுத எழுத மை பரவியது.
மேசைமேல் இதழ் ஊறிக் கிடந்தது.
எத்தனை சதவீதமென்று
பார்க்கவில்லை.